நாவை ஏமாற்றும் இனிப்பு

படுவான்கரை ஊர்களில் விருந்தினர் வாயிற்படி ஏறியதும் செம்பிலே தண்ணீர் கொடுத்து வரவேற்பது பண்டுதொட்டு வந்த வழக்கம். அச்செம்பு இன்றும் இருக்கிறது. ஆயினும் அதன் பின்னே சோடாப் போத்தலும் வந்து சேர்ந்துவிட்டது. வெல்லாவெளியில் எவர் வீட்டில் அமர்ந்தாலும், ஒரு சிறுவன் சைக்கிளில் கடைக்கு விரைவதையும், சற்று நேரத்தில் நிறப்பானம் நிறைந்த குவளை தட்டிலே வைத்து நீட்டப்படுவதையும் காணலாம். அதனை வேண்டாமென்று சொல்லுதல் எளிதன்று. மறுப்பவர், தமக்குச் சீனி வருத்தம் உண்டென்பதை நாலு பேர் நடுவே அறிவித்தாக வேண்டும். அன்றேல் வீட்டாரின் அன்பை அவமதித்தவராக வேண்டும். இவ்விரண்டுக்கும் அஞ்சிய நீரிழிவுக்காரர் பலர் மூன்றாவது வழியொன்றைத் தேர்ந்துகொள்கின்றனர். குடித்துவிடுகின்றனர்.

குடிப்பது எவ்வளவு என்று பார்ப்போம். நூறு மில்லிலீற்றருக்கு 10 கிராம் சீனி கொண்ட பானத்தில் 250 மில்லிலீற்றர்க் குவளை ஒன்று 25 கிராம் சீனியைத் தாங்கி நிற்கிறது, ஐந்து தேக்கரண்டி. தேநீரில் அரைக் கரண்டிக்கு மனைவியோடு வழக்காடும் மனிதர், அயல் வீட்டிலே ஐந்து கரண்டியை ஒரே மூச்சில் அருந்திவிட்டு வருகிறார். 2005, 2006ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நடந்த நாடளாவிய ஆய்வு, வயது வந்தோரில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருந்ததென்றும், அவர்களுள் மூன்றிலொரு பங்கினர் அதனை அறியாதிருந்தனரென்றும் கண்டது. ஆகவே இஃது ஒருவர் இருவரின் தொல்லையன்று.

இவர்களுக்காகவே சீனியில்லாப் பானங்கள் வந்தன. “சீனி சேர்த்ததைப் போலவே சுவைக்கும்” என்பதே அவற்றைப் பற்றி எங்கும் சொல்லப்படும் புகழுரை. அப்புகழுரை எத்துணை உண்மையென்று பார்க்கும் ஆவல், சென்ற சித்திரை விடுமுறையில் வெல்லாவெளிக்குப் போயிருந்தபோது எனக்கு உண்டாயிற்று. ஊர்க்கடையில் ஒரு வகை கிடைத்தது. மற்றவற்றைப் பட்டிருப்புப் பாலம் கடந்து களுவாஞ்சிகுடியிலே வாங்கி வந்தோம். மாமி வீட்டுத் திண்ணையில் நீரிழிவுள்ள முதியோர் அறுவர் அமர்ந்தனர். போத்தல்களை மறைத்துவிட்டு, ஆளுக்கு இரண்டு மிடறு வீதம் ஒரே வகையான கோப்பைகளில் ஊற்றிக் கொடுத்தோம்.

கறுப்பு நிறக் கோலாவை அறுவரும் முதல் மிடற்றிலேயே கண்டுகொண்டார்கள். “இது சீனி செத்த தண்ணி, மனே” என்றார் மாமி. அதைவிடச் சுருக்கமாக எந்த இரசாயன அறிஞரும் சொல்லியிருக்க முடியாது. சீனி இனிப்பை மட்டும் தருவதில்லை. பானத்துக்கு ஒரு கனத்தையும் தருகிறது. அது நீங்கியதும் நீர் வெறும் நீராக நாவில் வழுகிச் செல்கிறது. மாற்று இனிப்போ சற்றுப் பிந்தி வந்து, விருந்து முடிந்தும் புறப்பட மனமில்லாத உறவினரைப் போல நெடுநேரம் தங்கிவிடுகிறது. எலுமிச்சை மணம் சேர்த்த பானமும் தேறவில்லை. ஒரு பெரியவர் அதனைக் காய்ச்சல் மருந்து என்று தள்ளிவைத்தார். கடைவாயிலில் வெயிலிலே நின்ற போத்தல் எல்லாவற்றிலும் சப்பென்றிருந்தது. அதிலும் வியப்பில்லை. அஸ்பாட்டேம் என்னும் இனிப்பு வெப்பத்தில் மெல்ல மெல்லச் சிதைந்து இனிமை குன்றும் இயல்புடையது. குளிரூட்டிய அறையில் சுவைத்துத் தேறிய பானம், நமது ஊர்க்கடைக்கு வந்து சேரும்போது அதே பானமாக இருப்பதில்லை.

இறுதியாக இரண்டு கோப்பைகள். இரண்டும் வீட்டிலேயே இஞ்சிச் சாறும் வெறும் சோடாவும் கலந்து என் மருமகள் செய்தவை. ஒன்றில் சீனி, மற்றதில் சுக்ரலோஸ் வில்லை. இங்கேதான் திண்ணை நீதிமன்றம் தடுமாறியது. அறுவருள் நால்வர் சீனியுள்ளதைச் சீனியில்லாதது என்றனர். இஞ்சியின் காரம் பிந்தி வரும் இனிப்பை மூடி மறைத்துவிட்டது. எல்லோரும் கைகொட்டிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அன்றிரவுதான் அச்சம் வந்தது.

இஞ்சிக்கு இவ்வேலை புதியதன்று. 1952இல் அமெரிக்காவின் புரூக்ளின் நகர்ப்பகுதியில் ஹைமன் கிர்ஷ் என்னும் சோடா வணிகர், நாட்பட்ட நோயாளரைப் பேணும் மருத்துவமனையொன்றின் நீரிழிவு நோயாளருக்காக ‘நோ-கால்’ என்ற சீனியில்லாப் பானத்தை ஆக்கினார். முதலில் வந்த சுவைகளுள் ஒன்று இஞ்சி. நோயாளிக்கென்று பிறந்த அப்பானம், சில ஆண்டுகளிலேயே உடல் மெலிய விரும்பும் பெண்களின் பானமாக விளம்பரப்படுத்தப்பட்டது. அதிலிட்ட சைக்கிளமேட் என்னும் இனிப்பை அமெரிக்கா 1969இல் தடைசெய்தது. நோயாளி பின்வரிசைக்குப் போன கதை அன்று தொடங்கிற்று. கடையிலே இன்று அடுக்கி வைத்திருக்கும் பானங்களும் இடை மெலிய விரும்புவோரை நோக்கியே பேசுகின்றன.

இவ்வினிப்புகள் பிறந்த விதமும் வேடிக்கையானது. 1879இல் பால்பேர்க் என்பவர் ஆய்வுகூடத்திலிருந்து கை கழுவாது வந்து உணவருந்தியபோது சக்கரின் கண்டறியப்பட்டதாகச் சொல்வர். 1965இல் ஷ்லாட்டர் விரலை நக்கினார், அஸ்பாட்டேம் கிடைத்தது. 1976இல் இலண்டனில் ஆய்வு செய்துகொண்டிருந்த இந்தியர் சசிகாந்த் பட்னிஸ், ஒரு பொருளைச் சோதித்துப் பார்க்கும்படி சொல்லப்பட்டதை, ஆங்கில ஒலியொற்றுமையால் சுவைத்துப் பார்க்கும்படி சொன்னதாகக் கொண்டு வாயிலிட்டார், சுக்ரலோஸ் வெளிப்பட்டது. நாவின் தவறுதலால் பிறந்தவை நாவைத் தவறவைப்பதில் வல்லவையாக இருப்பது பொருத்தமே.

எனது அச்சத்தின் காரணம் இது. என் மாமா இன்சுலின் ஏற்றுபவர். ஒருநாள் வயலிலிருந்து திரும்பியவருக்கு வியர்வை பெருகி, கை நடுங்கி, பேச்சுக் குழறியது. குருதியிற் சீனி அளவுக்கு மிஞ்சி இறங்கிவிட்டது. அந்நேரத்தில் வேண்டியது சீனி. ஏறத்தாழ 15 கிராம், உடனே. பேரப்பிள்ளை ஓடிச்சென்று, தாத்தாவுக்கென்று எப்போதும் வாங்கிவைத்திருக்கும் போத்தலைக் கொணர்ந்து பருக்கினான். அது சீனியில்லாதது. மாமா இனிப்பாயிருக்கிறதென்று குடித்தார், நடுக்கம் கூடிற்று. அயல்வீட்டுப் பெண் ஓடிவந்து வெந்நீரிலே சீனியைக் கரைத்து ஊட்டியிராவிட்டால் என்ன நேர்ந்திருக்குமோ!

நீரிழிவுக்காரருக்கு நாக்குச் சுவைக் கருவி மட்டுமன்று, காவற்காரனும் ஆகும். அக்காவற்காரனை ஏமாற்றும் திறமையையே பானத்தின் சிறப்பாக நாம் மெச்சுகிறோம். 2016 முதல் இலங்கையில் பானப் போத்தல்களுக்கு நிறக்குறி உண்டு: நூறு மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேற்பட்ட சீனிக்குச் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், அதற்குக் குறைந்தால் பச்சை. நல்ல ஏற்பாடுதான், பத்துக் கிராமும் மூன்று கிராமும் ஒரே நிறம் பெறுவது மட்டும் எனக்கு விளங்கவில்லை. ஆனால் நிறக்குறி போத்தலில் இருக்கிறது. கலியாண வீட்டிலே நீட்டப்படும் குவளையில் இல்லை. இரு தட்டுகளில் எது எதுவென்று பரிமாறும் பிள்ளைக்கே மறந்துபோகும். அவ்விடத்தில் நாக்கு ஒன்றே துணை.

ஆதலால் சீனியில்லாப் பானம் சீனிப் பானத்தைப் போல நடிக்க வேண்டாம் என்பது என் கட்சி. அதற்கென்று தனிச்சுவை இருக்கட்டும்: நன்னாரியின் மெல்லிய கைப்பு, உப்பிட்ட தேசிக்காய், மோரின் புளிப்பு, எதுவாயினும் வாயில் பட்டதும் தன்னைத் தான் அறிவிக்கும் சுவை. உலக சுகாதார நிறுவனம் 2023இல், உடல் எடையைக் குறைக்க மாற்று இனிப்புகளை நம்ப வேண்டாமென்று கூறியபோது, ஏற்கெனவே நீரிழிவுள்ளவர்களை அவ்வறிவுரையிலிருந்து விலக்கி வைத்தது. அவர்கள் கணக்கு வேறு என்பது அங்கே உணரப்பட்டிருக்கிறது. பானம் செய்வோரும் அவர்களைத் தனியே எண்ணி, அவர்களைக் கொண்டே சுவைபார்த்தால் என்ன?

இதற்கு வலுவான மறுப்பு மாமியிடமிருந்தே வந்தது. “கைப்பும் புளிப்பும் மருந்திலே தினமும் குடிக்கிறன். மற்றவங்க குடிக்கிறது மாதிரி ஒண்டைத்தான் நான் கேக்கிறன்” என்றார். எனக்கு விடை வரவில்லை. இருபது ஆண்டுகளாக ஒவ்வொரு விருந்திலும் வேறாக்கி வைக்கப்பட்டவரிடம், குவளையிலும் வேறாயிரும் என்று நான் சொல்வது எப்படி நியாயமாகும்?

மாமி தமக்குத் தெரிந்த முறையில் ஒரு வழி செய்துகொண்டார். அவ்வீட்டில் இப்போது சீனியில்லாப் பானம் ஊற்றும் குவளையில் ஒரு தேசிக்காய்த் துண்டு மிதக்கிறது. மாமாவின் கட்டிலருகே சீனிப் பேணியொன்றும் கரண்டியும் இருக்கின்றன. எறும்பு ஏறாதபடி பேணியைத் தண்ணீர்க் கிண்ணத்தின் நடுவே நிறுத்தியிருக்கிறார்.