ஜூன் ஒண்ணாம் தேதி

கும்பகோணத்தில் அந்த வீட்டுக் கூடத்தில் தொங்கும் தினசரி காலண்டரில், ராகு காலத்துக்கும் எமகண்டத்துக்கும் கீழே பென்சிலால் ஓர் எண் எழுதியிருக்கும். பிப்ரவரி 20-ம் தேதித் தாளில் 100. மறுநாள் 99. அதற்கு மறுநாள் 98. இப்படியே குறைந்துகொண்டே போய், மே 31-ம் தேதித் தாளில் ஒரு முட்டை.

எழுதியவர் அந்த வீட்டு அம்மா. அஞ்சல் துறையில் 38 வருட சர்வீஸ். கிளார்க்காகச் சேர்ந்து, இப்போது ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு துணை அஞ்சலகத்தில் சப் போஸ்ட்மாஸ்டர். தெருவில் அவருக்குப் பெயரே 'போஸ்ட் ஆபீஸ் அம்மா'தான்.

மே 31 என்ற தேதியிலும் ஒரு கதை இருக்கிறது. மத்திய அரசுப் பணியில் 60 வயது நிறையும் மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு. ஆனால், ஒன்றாம் தேதி பிறந்தவர்களுக்கு மட்டும் முந்தைய மாதத்தின் கடைசி நாளிலேயே கதவு சாத்திவிடுவார்கள். அவர் பிறந்தது என்னவோ ஆடி மாதத்தில். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப்போன அன்று, வாத்தியார் தன் சௌகரியத்துக்கு ஜூன் 1 என்று எழுதிவிட்டார்.

"ஜூன் ரெண்டுன்னு எழுதியிருந்தா இன்னொரு மாசச் சம்பளம் வந்திருக்கும்" என்று சிரிப்பார். "ஆனா, அந்த ஒரு மாசம் எனக்குக் கெடைச்ச லாபம்னுதான் வெச்சுக்கறேன்."

வேலை கசந்துபோய் நாள் எண்ண ஆரம்பிக்கவில்லை அவர். காரணம் வேறு. 38 வருடங்களாக அவர் அதிகம் சொன்ன வாக்கியம் ஒன்று உண்டு. 'ரிட்டையர் ஆனதும் பாத்துக்கலாம்.' எதையெல்லாம் அப்படித் தள்ளிப்போட்டோம் என்று ஒருநாள் யோசித்துப் பார்த்தால், பாதிக்கு மேல் ஞாபகத்தில் இல்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

அதனால் தினமும் இரவு தாளைக் கிழித்ததும், அதன் வெள்ளைப் பக்கத்தில் ஒரே ஒரு ஆசையை எழுதுவது என்று வைத்துக்கொண்டார். 'ஸ்கூட்டர் கற்றுக்கொள்ள வேண்டும்.' 'மதியம் ஒரு மணி நேரம் தூங்க வேண்டும்.' '2028 மகாமகத்தை லீவு கேட்காமல் பார்க்க வேண்டும்.' 2016 மகாமகம் நடந்தபோது ஊரே குளத்தங்கரையில் இருந்தது. அவர் கவுன்ட்டரில் இருந்தார். எழுதிய தாள்களெல்லாம் ஒரு பழைய ஸ்வீட் டப்பாவில் சேர்ந்தன.

எழுதிவைத்ததோடு அவர் நிறுத்தவில்லை என்பதுதான் விசேஷம். எண் 90-ஐத் தொடும் முன்பே இரண்டு வேலைகளை ஆரம்பித்துவிட்டார்.

முதலாவது, ஞாயிற்றுக்கிழமைக் கோயில்கள். தேவாரப் பாடல் பெற்ற தலங்கள் 276 என்பார்கள். அதில் பெரும்பகுதி காவிரியின் இரு கரைகளிலும்தான் இருக்கிறது. அத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு, உறவுக்காரர்கள் வந்தால் மட்டும் கூட்டிக்கொண்டு போன கோயில்கள்தான் அவருக்குத் தெரியும். இப்போது ஞாயிறு காலையில் கணவரும் அவரும் டவுன் பஸ் ஏறிவிடுகிறார்கள். ஒரு வாரம் பட்டீஸ்வரம். ஒரு வாரம் திருப்புறம்பியம். திருவலஞ்சுழியில் வெள்ளைப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு, அங்கே இருக்கும் கருங்கல் பலகணி முன்னால் அரை மணி நேரம் நின்றார்கள். "இத்தனை வருஷமா இவ்வளவு பக்கத்துல இருந்திருக்கு" என்றார் கணவர். தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்காளராக இருந்து, ஓய்வுபெற்று இரண்டு வருடங்கள் ஆனவர். அந்த இரண்டு வருடமும் காலை பேப்பரை விளம்பரம் விடாமல் படித்துத் தீர்த்ததைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை என்பது அவரே ஒப்புக்கொண்ட விஷயம்.

இரண்டாவது, தாயாரின் சமையல் கணக்கு. 84 வயதுத் தாயார் இவர்களோடுதான் இருக்கிறார். அவர் செய்யும் கும்பகோணம் கடப்பாவுக்கு வீட்டில் எல்லோரும் அடிமை. ஆனால் அளவு கேட்டால், "பாசிப்பருப்பு ஒரு கை, சோம்பு ரெண்டு விரல்ல, தேங்கா கண்ணுக்குத் தெரிஞ்ச மட்டும்" என்பார். அந்தக் கையையும் விரலையும் கிராமில் மாற்றி ஒரு நோட்டில் எழுதும் வேலை நடக்கிறது. சின்னத் தராசு ஒன்று வாங்கினார்கள். தாயார் ஒரு கை பருப்பை அள்ளிக் கொடுத்ததும், மகள் அதை உள்ளங்கையில் வாங்கித் தூக்கிப் பார்த்து, "நாப்பது கிராம்" என்றார். தராசு 42 காட்டியது. கடிதம் 20 கிராமைத் தாண்டுகிறதா என்று 38 வருடங்களாகப் பார்த்துப் பழகிய கை அது.

ஓய்வு என்பது அவருக்குப் புதிய விஷயமும் இல்லை. அவருடைய கவுன்ட்டருக்கு வந்த ஓய்வூதியர்கள் எத்தனையோ பேர். சீனியர் சிட்டிசன் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் வரை போடலாம், ஐந்து வருடம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி என்று அவரே வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறார். நாமினி பெயர் எழுதாத பாஸ்புக்கைப் பார்த்தால், எழுதாமல் விடமாட்டார். நவம்பர் மாதம் வந்தால், உயிர்வாழ் சான்றுக்கு வரும் பெரியவர்களை நாற்காலி போட்டு உட்கார வைப்பார். நடக்க முடியாதவர்கள் வீட்டுக்கு போஸ்ட்மேனையே கருவியோடு அனுப்பி, விரல் ரேகை எடுத்துக்கொண்டு வரச் சொல்வார்.

இவர்களில் இரண்டு வகை அவர் மனதில் நின்றார்கள். வேலையே இல்லாவிட்டாலும் பாஸ்புக்கைத் தூக்கிக்கொண்டு வந்து, பத்து நிமிடம் பேசிவிட்டுப் போகிறவர்கள் ஒரு வகை. பணம் எடுக்கும் ஃபாரத்தில் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு, பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் முகத்தைப் பார்க்கிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகைக்கு நாள் நிறைய இருந்தது, என்ன செய்வதென்று தெரியவில்லை. இரண்டாவது வகைக்கு நாளே அவர்கள் கையில் இல்லை.

தன்னுடைய காகிதங்களை அவர் ஒழுங்காகவே முடித்திருந்தார். ஓய்வுக்கு ஆறு மாதங்களுக்கு முன்பே படிவங்கள் போய்விட்டன. சர்வீஸ் புத்தகம் சரிபார்த்தாகிவிட்டது. பென்ஷனுக்குக் கணவன் மனைவி சேர்ந்து எடுத்த போட்டோ வேண்டும். மகள் கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் சேர்ந்து ஸ்டூடியோவில் நின்றது அதற்காகத்தான். "கொஞ்சம் சிரிங்க சார்" என்று போட்டோகிராபர் மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, காலண்டரில் 59 என்று எழுதிய நாள் வரை.

அன்று காலையில் பெங்களூரிலிருந்து மகள் போன் செய்தாள். ரயிலில் 60 நாட்களுக்கு முன்பு முன்பதிவு திறக்கும். அலாரம் வைத்து எழுந்து பிடித்திருக்கிறாள்.

"அம்மா, ஜூன் ஒண்ணாம் தேதிக்கு மைசூர் எக்ஸ்பிரஸ்ல உனக்கு டிக்கெட் போட்டுட்டேன். லோயர் பெர்த். பாப்பாவுக்கு அப்போ ஒரு வயசு ஆயிடும். ஆயாவை மே மாசத்தோட நிறுத்திடறேன்."

பேத்தி என்றால் அவருக்கு உயிர். தினமும் இரவு வீடியோ காலில் அந்தக் குழந்தை போனை நக்குவதைப் பார்க்காமல் தூக்கம் வராது. ஆனாலும், அந்த நிமிடத்தில் வாயிலிருந்து வந்தது வேறு.

"ஏம்மா, எங்க டிபார்ட்மென்ட்ல ஊர் விட்டு ஊர் மாத்தினாக்கூட பத்து நாள் ஜாயினிங் டைம் குடுப்பாங்க. நீ ஒருநாள்கூடக் குடுக்கலையே?"

மகள் சிரிக்கவில்லை. "பாப்பாவைப் பாத்துக்கறது உனக்கு டியூட்டியாம்மா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு ஒரு வாரம், இரவு வீடியோ காலில் குழந்தை மட்டும்தான் தெரிந்தது. மகளின் முகம் தெரியவில்லை.

அந்த வாரம் காலண்டர் தாள்களின் பின்பக்கம் வெள்ளையாகவே டப்பாவுக்குள் போனது.

உறுத்தலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. இதே மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, கிராமத்து வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தவர் இவருடைய தாயார். பத்து நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தவர், ஒன்பது வருடம் இருந்தார். அவர் இல்லாவிட்டால் 38 வருட சர்வீஸ் கிடையாது, பென்ஷன் கிடையாது. அம்மா தனக்குச் செய்ததைத் தான் மகளுக்குச் செய்ய யோசிப்பது நியாயமா?

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகவில்லை. மதியம் நோட்டையும் தராசையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது, கேட்டேவிட்டார்.

"அம்மா, அப்ப என் வீட்டுக்கு வந்து ஒம்பது வருஷம் இருந்தியே. உனக்கு வருத்தமா இருந்துச்சா?"

தாயார் புளியை உருட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பேத்தியை வளத்ததுல என்ன வருத்தம்? பசுவை வித்துட்டு வந்தேன், அது கொஞ்ச நாள் இருந்துச்சு." கொஞ்சம் பொறுத்து, "வர்றியாம்மான்னு நீ கேக்கவே இல்லையே. வந்துடுன்னுதான சொன்னே" என்றார்.

முப்பது வருடங்களாக அந்தக் கேள்வி அங்கேயே கிடந்திருக்கிறது. கோபமாக இல்லை, குறையாகக்கூட இல்லை. கேட்கப்படாமல் மட்டும் இருந்திருக்கிறது.

அன்று இரவு அவரே மகளுக்குப் போன் செய்தார். தன் பக்கத்து நியாயம் எதுவும் பேசவில்லை. பாட்டி சொன்னதை மட்டும் அப்படியே சொன்னார். மறுமுனையில் வெகுநேரம் பேச்சில்லை. பின்னால் குழந்தை ஏதோ பாத்திரத்தைத் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"அம்மா..." என்றாள் மகள். "உன்னால எப்ப வர முடியும்?"

கேட்டது அவ்வளவுதான். அதற்குப் பிறகு எல்லாம் கணக்குப் போடும் வேலையாகிவிட்டது. ஜூன் மாதம் முழுக்க அவருக்கு. ஜூலையில் பெங்களூரு. அதன் பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு மாதம். மற்ற நாட்களுக்கு மகளும் மருமகனும் ஆயாவையே தொடர வேண்டும். செலவுதான். ஆனால் அது அவர்கள் இருவரும் உட்கார்ந்து பேச வேண்டிய கணக்கு.

ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த கணவர் தொண்டையைச் செருமினார். "நான் ரெண்டு வருஷமா ரிட்டையர்தான். பாப்பாவைப் பாத்துக்க என்னை யாரும் கூப்பிடவே இல்லையே."

அம்மாவும் மகளும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். அப்புறம்தான், அவர் சொன்னது சிரிக்கும் விஷயமில்லை என்று இருவருக்கும் உறைத்தது. இப்போது ஜூலைக்கு இரண்டு டிக்கெட். தயார் செய்துகொள்ளும் விதமாக, வாரத்தில் இரண்டு நாள் ரசம் அவர் பொறுப்பு. நோட்டில் இருக்கும் கிராம் கணக்குப்படி, தராசை வைத்துக்கொண்டு, கணக்காளருக்கே உரிய பயபக்தியோடு வைக்கிறார்.

காலண்டரில் இப்போது 41. தாளின் பின்பக்கங்கள் மறுபடி நிறைகின்றன. 'பாப்பாவுக்குக் காவிரியைக் காட்ட வேண்டும்' என்பது போன வாரத்துத் தாள்.

ஒரே ஒரு விஷயம்தான் பாக்கி. ஜூலையில் இருவரும் பெங்களூரு போனால், தாயார் தனியாக இருக்க முடியாது. தஞ்சாவூரில் இருக்கும் தம்பி, அந்த ஒரு மாதம் தன் வீட்டில் வைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். பெட்டி கட்டினால் போதும்.

ஆனால், இந்த முறை பெட்டியை எடுக்கவில்லை. சாப்பிட்டு முடித்துக் கூடத்தில் காற்றாட உட்கார்ந்திருந்த தாயாரின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"அம்மா, ஜூலை மாசம் தம்பி வீட்டுல போய் இருக்கியா? உனக்குச் சம்மதமா?"

84 வயது முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்து போனது.

"பத்து நாள் டைம் குடு. யோசிச்சுச் சொல்றேன்."