வீல்சேர் கொடுத்தால் போதுமா? விருத்தாசலம் மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை எப்போது?

விருத்தாசலம்:

டிசம்பர் 3-ந்தேதி உலக மாற்றுத்திறனாளிகள் தினம். அன்றைக்கு ஊர் ஊருக்கு மேடை, மாலை, சால்வை. வீல்சேர், தையல் மிஷின் கொடுத்து போட்டோ பிடிப்பார்கள். கொடுப்பவர்கள் மனசில் குறை இல்லை. ஆனா மறுநாள் காலையில் அந்த வண்டியில் ஏறி எங்கே போவது? வேலைக்கா, வீட்டுத் திண்ணைக்கா?

2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 11 லட்சத்து 80 ஆயிரம் பேர். அரசு வேலையில் இவர்களுக்கு 4 சதவீத இடம் உண்டு. மீதிப்பேர் தனியாரை நம்பித்தான் பிழைக்கணும்.

பணம் இருக்கு

பெரிய கம்பெனிகள் 3 ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை சமூகப் பணிக்கு செலவிட வேண்டும். இந்த சட்டம் 2014 ஏப்ரல் முதல் அமலில் உள்ளது. மாற்றுத்திறனாளிகளின் தொழில் பயிற்சியும் அதன் பட்டியலில் இருக்கு. கம்பெனி இருக்கும் வட்டாரத்துக்கே முன்னுரிமை. பக்கத்திலேயே நெய்வேலி இருப்பதால் நம்ம ஊருக்கும் இது சம்பந்தப்பட்ட விஷயம்.

முட்டுக்கட்டை எங்கே?

2021 ஏப்ரல் முதல், இந்த பணத்தை வாங்கி செலவிடும் டிரஸ்ட், சங்கங்களுக்கு மத்திய அரசின் பதிவு எண் வேண்டும். வருமான வரி பதிவும், 3 ஆண்டு அனுபவமும் கேட்கிறார்கள். மோசடியை தடுக்க இது தேவைதான். ஆனால் நாலு மாற்றுத்திறனாளிகள் சேர்ந்து நடத்தும் சின்ன சங்கம் இத்தனை காகிதத்துக்கு எங்கே போகும்?

ஆய்க்குடி காட்டிய வழி

கழுத்துக்கு கீழே செயலிழந்த எஸ்.ராமகிருஷ்ணன் 1981-ல் தென்காசி அருகே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை தொடங்கினார். உள்ளூர், வெளிநாட்டு நன்கொடையில் வளர்ந்த அங்கே இன்று பள்ளி, சிகிச்சை, தொழில் பயிற்சி எல்லாம் இருக்கு. 2020-ல் அவருக்கு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. நன்கொடையை ஒருநாள் விழாவோடு முடிக்காமல், வருஷக்கணக்கில் பயிற்சிக்கும் படிப்புக்கும் போட்டதன் பலன் அது.

செராமிக் ஊரில் முடியும்

அகல் விளக்கு, பொம்மை, பியூஸ் கேரியர் என்று பேர் வாங்கிய ஊர் இது. பொம்மைக்கு வர்ணம் அடிப்பது, பிசிறு தட்டுவது எல்லாம் உட்கார்ந்தே செய்யக்கூடிய வேலை. செராமிக் தொழில் கற்றுத்தர அரசு கல்வி நிலையமும் இங்கேயே இருக்கு.

சின்ன பட்டறைக்காரர் சாய்வுப்பாதை, ஏற்ற கழிப்பறை கட்ட கையில் காசு இல்லாமல் தயங்கலாம். பயிற்சி நாட்களில் கூலியும் பஸ் செலவும் யார் தருவது என்ற கேள்வியும் வரும். நன்கொடை போய்ச்சேர வேண்டிய இடம் அதுதான்.

உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர் ஆக்க 2025-ல் சட்டசபையில் மசோதா நிறைவேறியது. அப்படி வருபவர்கள், “எத்தனை வண்டி கொடுத்தீங்க?” என்பதோடு விடாமல், “எத்தனை பேர் சம்பளம் வாங்குறாங்க?” என்றும் கேட்டால் ஊருக்கு நல்லது.