தெற்கே போய் வடக்கே போதல்

மருதனார்மடத்துச் சந்தையடியில் சென்ற வாரம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரைச் சந்தித்தேன். சென்னைக்குக் கண் காட்டப் போகிறாராம். பலாலியூடாகத்தானே என்றேன். "இல்லைத் தம்பி, எனக்கு ஏற்ற நாளிலை இடமில்லை. கொழும்பாலைதான் போறன்" என்றார்.

வீடு திரும்பியதும் படத்தை விரித்து அடிமட்டத்தை வைத்துப் பார்த்தேன். கட்டுநாயக்காவிலிருந்து சென்னை மீனம்பாக்கத்துக்கு ஒரு நேர்கோடு இழுத்தால், அது மருதனார்மடத்திலிருந்து ஓரிரு கிலோமீற்றருக்குள் ஊரைக் கடந்து போகிறது! அதாவது, அந்த மனிதர் இரவு முழுவதும் பஸ்ஸில் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தெற்கே போய், மூன்று மணி நேரம் முன்னதாக விமான நிலையத்தில் காத்திருந்து, பிறகு தன் வீட்டுக் கூரைக்கு மேலாகவே பறக்கப்போகிறார்.

கணக்கு இதுதான். பலாலி - சென்னை வான்வழி சுமார் 355 கிலோமீற்றர். கட்டுநாயக்கா - சென்னை சுமார் 650. பறக்கும் நேரமோ இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. ஒன்றேகால் மணிக்குச் சற்று முன்பின். பலாலிக்கு வருவது சுழல்விசிறி பூட்டிய ஏரிஆர் ரக விமானம், கட்டுநாயக்காவில் ஏறுவது ஜெட். ஆகவே தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் மட்டும் பார்ப்பவருக்குப் பலாலியின் பெறுமதி விளங்காது. வீட்டுப் படலையிலிருந்து கணக்கிட வேண்டும். மருதனார்மடத்திலிருந்து பலாலி ஓடுபாதை நேர்கோட்டில் எட்டுக் கிலோமீற்றர்தான்.

இது புதிய வழியுமல்ல. 1947 டிசம்பரில் எயர் சிலோனின் முதற் பறப்பே இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத்தான். காங்கேசன்துறை என்று அன்று சொன்னது இந்தப் பலாலியையே. பின்னர் அறுந்துபோன இந்தியத் தொடர்பு 2019 அக்டோபரில் மீண்டது. மறு ஆண்டே கொரோனாவால் நின்று, 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. 2024 செப்டெம்பரில் இன்டிகோவும் சென்னையிலிருந்து வரத் தொடங்கியது. 2025 மார்ச்சில் திருச்சிச் சேவையும் சேர்ந்தது. திருச்சி வெறும் 185 கிலோமீற்றர். நமக்குக் கொழும்பைவிட அண்மை.

அப்படியானால் ஆசிரியருக்கு ஏன் இடமில்லை? வருவது எழுபது பேர் மட்டில் கொள்ளும் சிறிய விமானம். பெரிய ஜெட் இறங்க நீண்ட ஓடுபாதை வேண்டும். இங்கேதான் சிக்கல். பலாலியைச் சுற்றியுள்ள மண் 1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் விட்டு ஓடிய மண். அதில் ஒரு பகுதி இன்னமும் உரியவர் கைக்கு வரவில்லை. விமான நிலையத்தைப் பெருப்பிக்க வேண்டும் என்று நான் எழுதினால், "எங்கடை காணியிலையோ?" என்று கேட்பவர்கள் என் அயலவர்கள். அந்தக் கேள்வி நியாயமானது. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து பெரிய விமானம் கேட்கும் உறவுகளும் இதைக் கவனிக்கவேண்டும்.

என் நிலைப்பாடு இது: இருக்கும் ஓடுபாதைக்கே சேவைகளைக் கூட்டலாம். சிறிய விமானம் நாளுக்கு நாலு தடவை வந்தால் பெரிய விமானம் ஒன்றின் வேலையைச் செய்துவிடும். அதற்கு ஒருவர் காணியும் வேண்டாம். நீட்டித்தே ஆகவேண்டுமென்றால், முதலில் விடுவிக்கவேண்டிய காணிகளை விடுவித்து, உரித்தாளரோடு பேசி, உரிய இழப்பீட்டைக் கையில் கொடுத்த பிறகே அளவுகோலை எடுக்கவேண்டும்.

ஆசிரியர் நாளை இரவு பஸ் ஏறுகிறார். முழங்கால் மடக்கி எட்டு மணி நேரம் இருப்பதுதான் கஷ்டம் என்றார். கண்ணைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை.