உயரமும் உறுதியும்

தேக பலமே சகலமும் என்று கருதுவோர் எக்காலத்திலும் உளர். குத்துச் சண்டையில் கனத்த பிரிவைக் காட்டி அவர்கள் தம் கட்சியை ஸ்தாபிக்க முயல்வதுண்டு. மற்றப் பிரிவுகளுக்கெல்லாம் கனத்திற்கு மேல்வரம்பு உண்டு. இதற்கு மட்டும் இல்லை. இதில் சிறிய தேகமுள்ளோர் வதைபடுவர் என்று இரங்கி, உலகக் குத்துச் சண்டைக் கவுன்ஸில் 2020-ஆம் ஆண்டில் 200 முதல் 224 ராத்தல் வரை உள்ளவர்க்குத் தனிப் பிரிவொன்றை ஏற்படுத்திற்று. இரக்கம் நல்லதே. ஆனால் வீரனுக்கு அது தேவைதானா என்பதே நமது கேள்வி.

இக்கேள்விக்கு 2024 மே மாதம் ரியாத் நகரில் விடை கிடைத்தது. உக்ரைன் வீரர் ஒலெக்சாண்டர் உசிக் அங்கே பிரிட்டிஷ் வீரர் டைசன் ப்யூரியை எதிர்த்தார். ப்யூரியின் உயரம் 6 அடி 9 அங்குலம். கனம் 262 ராத்தல். உசிக்கோ 6 அடி 3 அங்குலம், 223½ ராத்தல். புதுப் பிரிவின் நிழலில் ஒதுங்க அவருக்கு இடமிருந்தது. அவர் ஒதுங்கினாரில்லை.

நெட்டையனுக்குத் தூரமே கோட்டை. அவன் கை நம்மை எட்டும். நம் கை அவனை எட்டாது. அந்த இடைவெளியில் அசையாது நிற்பவன் அழிவான். கண்ணை மூடிக்கொண்டு பாய்பவனும் கீழிருந்து எழும் குத்துக்கு இரையாவான். தலையை அசைத்து, பாதத்தைப் பக்கவாட்டில் வைத்து, முதலில் வயிற்றைத் தாக்கி, ஆபத்தான அவ்விடைவெளியைக் கடந்து மீள்வதே உபாயம். ஒரு முறை கடப்பது துணிவு. அடிபட்ட பின்னரும் மறுபடி மறுபடி கடப்பதே உறுதி.

ஆறாம் சுற்றில் உசிக் கடுமையாக அடிபட்டார். ஆயினும் தம் முறையைக் கைவிட்டாரில்லை. ஒன்பதாம் சுற்றில் அவருடைய இடக்கையின் தாக்குதலால் ப்யூரி தள்ளாடிக் கயிற்றில் சாய, மத்தியஸ்தர் எண்ணத் தொடங்கினார். முடிவில் நீதிபதிகளில் இருவர் உசிக்குக்கு 115-112, 114-113 என்றும், ஒருவர் ப்யூரிக்கு 114-113 என்றும் தீர்ப்பளித்தனர். அந்த எண்ணிக்கையால் கிடைத்த ஒரு புள்ளி இல்லையேல் பட்டம் இல்லை! அதே ஆண்டு டிசம்பரில் ப்யூரி 281 ராத்தலாகப் பெருத்து வந்தார். மூன்று நீதிபதிகளும் 116-112 என்று உசிக்குக்கே ஜயம் அளித்தனர். கூட்டிய கனம் கூடுதல் தோல்வியையே தந்தது.

2022-ல் பெரிய வல்லரசொன்றின் படையெடுப்புக்கு ஆளான தேசத்தின் புதல்வர் அவர். அப்போது கீவ் நகரின் காவற்படையில் சேர்ந்து நின்றவர். பெரியதைக் கண்டு மலைப்பது அவருக்குப் பழக்கமில்லை போலும்.

பலவீனர்க்குச் சலுகை செய்வது தவறென்று நாம் கூறவில்லை. சலுகையைப் பெறுபவன் தன்னைப் பலவீனன் என்று நம்பிவிடுவதே தவறு. உபாயமற்ற துணிவு வீண்சாவு. துணிவற்ற உபாயம் வெறும் பேச்சு. இவ்விரண்டும் ஒருங்கே வாய்த்தவன் முன் உயரம் என்பது ஓர் அளவேயன்றி விதியாகாது. பொதுப்பணியில் இறங்கும் நம் இளைஞர் இதனை மனத்திற்கொள்வாராக!