கையெழுத்தே இல்லாமல் டிரைவரை அறிவித்த டீம்... பியாஸ்ட்ரியை ஆல்பைன் கோட்டைவிட்டது எப்படி?

ஃபார்முலா 1 பந்தயத்தின் 2025 சீசனில் மெக்லாரன் டிரைவர் ஆஸ்கர் பியாஸ்ட்ரி 7 ரேஸ்களை வென்றார். ஒரு கட்டத்தில் 34 புள்ளிகள் முன்னிலையில் இருந்தவர், கடைசியில் மூன்றாம் இடத்தில் முடித்தார். அதே சீசனில் ஆல்பைன் டீமுக்கு 10-வது இடம், அதாவது கடைசி இடம். இத்தனைக்கும் பியாஸ்ட்ரி ஆல்பைன் வளர்த்த பையன்!

ஆஸ்திரேலியாவின் மெல்போர்னைச் சேர்ந்தவர் பியாஸ்ட்ரி. 2019-ல் ஃபார்முலா ரெனோ, 2020-ல் ஃபார்முலா 3, 2021-ல் ஃபார்முலா 2 என மூன்று வருடத்தில் மூன்று பட்டங்கள். ஆனாலும் 2022-ல் ஓட்ட கார் கிடைக்கவில்லை. ஆல்பைனில் அலோன்சோ, ஓகோன் என இரண்டு சீட்டும் ஃபுல். ரிசர்வ் டிரைவராக ஒரு வருடம் வேடிக்கைதான் பார்த்தார்.

அந்த 5 நாட்கள்

2022 ஜூலை 28-ல் வெட்டல் ஓய்வை அறிவித்தார். ஆகஸ்ட் 1-ல் அவருடைய ஆஸ்டன் மார்ட்டின் சீட்டுக்கு அலோன்சோ போய்விட்டார். ஆல்பைன் டீமின் தலைவருக்கே அது செய்திக்குறிப்பைப் பார்த்துதான் தெரியுமாம்.

மறுநாளே, '2023-ல் பியாஸ்ட்ரி எங்கள் டிரைவர்' என்று ஆல்பைன் அறிவித்தது. சில மணி நேரத்தில் பியாஸ்ட்ரியிடமிருந்து பதில் ட்வீட். தன் சம்மதம் இல்லாமல் அறிவித்துவிட்டார்கள், 2023-க்கு ஆல்பைனுடன் கையெழுத்தே போடவில்லை, அங்கே ஓட்டப்போவதும் இல்லை என்று 21 வயதுப் பையன் போட்டு உடைத்தார். இன்னும் ஒரு ரேஸ்கூட ஓட்டாதவருக்கு இது பெரிய ரிஸ்க். தீர்ப்பு எதிராக வந்திருந்தால், தான் வேண்டாம் என்று ஊரறியச் சொன்ன டீமிலேயே ஓட்ட வேண்டியிருக்கும்.

தீர்ப்பு என்ன?

இந்த மாதிரி சண்டைகளைத் தீர்க்கவே ஃபார்முலா 1-ல் ஒப்பந்த அங்கீகார வாரியம் இருக்கிறது. வழக்கு அங்கே போனது. ஆல்பைன் நம்பியது 2021 நவம்பரில் போட்ட ஒரு நிபந்தனைத் தாளை. அதை முறையான கான்ட்ராக்ட்டாக மாற்றும் வேலையை மாதக்கணக்கில் இழுத்தடித்துவிட்டார்கள். கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டு தாலி கட்டாத கதைதான். மெக்லாரன் கையிலோ ஜூலை 4 தேதியிட்ட கான்ட்ராக்ட் இருந்தது. 'செல்லுபடியாகும் ஒரே ஒப்பந்தம் மெக்லாரனுடையதுதான்' என 2022 செப்டம்பர் 2-ல் வாரியம் ஒருமனதாகச் சொல்லிவிட்டது.

தோற்றது ஆல்பைன் மட்டுமா?

மெக்லாரனில் சீட் காலியாக இருந்ததா என்றால், அதுவும் இல்லை. இன்னொரு ஆஸ்திரேலியரான டேனியல் ரிக்கார்டோவுக்கு அங்கே 2023 வரை கான்ட்ராக்ட் இருந்தது. அந்த ஜூலையில்தான், தான் எங்கேயும் போகவில்லை என்று அவர் வெளிப்படையாகப் பதிவும் போட்டிருந்தார். அவர் கையில் கையெழுத்துப் போட்ட பேப்பரே இருந்தது, சீட்தான் நிலைக்கவில்லை. ஒரு வருடம் மிச்சமிருக்க, ஆகஸ்ட் 24-ல் பிரிவு அறிவிப்பு வந்தது. பணம் கொடுத்துக் கணக்கை முடித்தது மெக்லாரன்.

2021 மொன்சாவில் மெக்லாரனின் ஒன்பது வருட வெற்றி வறட்சியைத் தீர்த்துவைத்தவர் இந்த ரிக்கார்டோதான். பியாஸ்ட்ரி 2024 ஹங்கேரியில் தன் முதல் வெற்றியைப் பெற்றார். இரண்டு மாதம் கழித்து, சிங்கப்பூரில் ரிக்கார்டோ தன் கடைசி ஃபார்முலா 1 ரேஸை ஓட்டினார்.