சுத்தம் என்கிற சொல்

கிட்னி போனவர்களுக்குத் தாம்பரம், குரோம்பேட்டைப் பக்கம் டயாலிசிஸ் என்றால் மிஷின்தான். வாரம் 3 நாள், தடவைக்கு 4 மணி நேரம். பலருக்கு ஒத்துக்கொள்கிறது. இதயம் பலவீனமானவருக்கோ பாதியிலேயே பிரஷர் இறங்கும், கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், வீடு திரும்பினால் அன்றைக்கு முழுக்கப் படுக்கைதான். காப்பீட்டில் சிகிச்சை இலவசமாகலாம். நோயாளி கூலியும் துணைக்கு வருகிறவர் கூலியும் போகிறதே. பேங்க் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிற எனக்கு அது நகைக்கடனாக வந்து நிற்கிறது.

இன்னொரு வழி 1990களிலிருந்தே இந்தியாவில் இருக்கிறது: வயிற்று டயாலிசிஸ். வயிற்றில் மெல்லிய குழாய் பொருத்தி 2 லிட்டர் திரவத்தை உள்ளே இறக்கி, சில மணி நேரம் கழித்து வடித்துவிட்டுப் புதுசு இறக்குவது. குடலைச் சுற்றிய சவ்வே வடிகட்டி. நாளைக்கு 3, 4 தடவை, வீட்டிலேயே. மெதுவாக நாள் முழுக்க நடப்பதால் பிரஷர் சட்டென்று விழுவது குறைவு. வயிற்றில் பெரிய ஆபரேஷன்கள் ஆனவர்கள் சிலருக்கு ஒத்துவராது. ஹாங்காங் அரசு ஆஸ்பத்திரிகள் 1985லிருந்து இதைத்தான் முதலில் தருகின்றன. இங்கேயும் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பது சேர்ந்திருக்கிறது. நல்ல காரியம். திட்டுவதற்கு மட்டும்தான் நாம் வாய் திறப்போம் என்றில்லை.

அப்புறம் ஏன் நம்ம ஜனங்களில் பலர் இதைக் கேள்விப்படவே இல்லை? கேட்டால் ஒரு பதில் வருகிறது: 'ஒங்க வீட்ல சுத்தம் பத்தாதும்மா, இன்ஃபெக்ஷன் ஆயிடும்.' பயம் பொய்யில்லை. கை கழுவாமல் குழாயைத் தொட்டால் சவ்வில் கிருமி ஏறும்; உயிருக்கே ஆபத்து. ஆனால் வீட்டுப் படியேறிப் பார்க்காமல் முகவரியை வைத்தே சுத்தத்தை அளக்கிற மூக்கு எங்கிருந்து வந்தது தோழர்களே? ஊர்ச் சாக்கடையை அள்ளுகிறவனுக்குச் சுத்தம் தெரியாது என்பது நாம் கேட்டுச் சலித்த பாட்டு. தேவைப்படுவது ஒதுக்கமான ஒரு மூலை, சோப்பு, ஓடுகிற தண்ணீர், பொறுமையாகக் கற்றுக்கொடுக்க ஒரு நர்ஸ். இதில் எது சாதியோடு பிறந்தது?

ஆற்றங்கரைகளிலிருந்து பெயர்த்துப் பெரும்பாக்கத்தில் அடுக்கிவைத்த அரசுக்கும் கேள்வி இருக்கிறது. நாளைக்கு 3 பை என்றால் மாதத்துக்கு 90 பை, 180 லிட்டர். லிஃப்ட் ஓடாத நாளில் ஏழாவது மாடிக்கு யார் தூக்குவது? ஒத்தை ரூமில் எங்கே அடுக்குவது? குழாயில் தண்ணி வரலன்னா அது குடியிருக்கிறவன் அழுக்கா?

மாணவத் தோழர்கள் நோயாளியோடு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது இதைக் கேளுங்கள்: 'வயித்து டயாலிசிஸ் இவருக்கு ஆகாதுன்னு எதப் பாத்து முடிவு பண்ணீங்க? எழுதிக் குடுங்க சார்.'