குடித்தவர் பேச்சுதான் எடுபடும்

"நாலு குடிகாரன் கூடி உட்கார்ந்தால் அஞ்சாவதாக பாட்டில்தான் வரும்." குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் கூடும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டங்களைப் பற்றி, படித்தவர்களே இப்படிப் பேசுகிறார்கள். இதைக் கேட்டு வாசல்வரை போய்த் திரும்பிவிடுபவர்கள் உண்டு. அதனால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

1935இல் பில் வில்சன் என்பவர் தொழில் விஷயமாக அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்துக்குப் போயிருந்தார். அவர் குடியை விட்டுச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. போன காரியம் நடக்கவில்லை. தங்கிய ஓட்டலிலேயே பார் இருந்தது. அவர் உள்ளே போகாமல், பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி கிடைப்பாரா என்று போனில் விசாரித்தார். கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித். அந்தப் பேச்சிலிருந்து வளர்ந்ததுதான் ஏ.ஏ. இங்கேயும் அதே கதைதான். பகல் பன்னிரண்டுக்கு டாஸ்மாக் திறக்கும்வரை கை நடுங்கக் காத்து நின்ற ஒருவர், "எனக்கும் அப்படித்தான் இருந்தது" என்று சொன்னால் குடிநோயாளி நிமிர்ந்து பார்ப்பார். நம் அறிவுரை அவருக்குக் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போனது.

இது வெறும் நம்பிக்கையும் அல்ல. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்ற 27 ஆய்வுகளை 2020இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு அலசியது. ஏ.ஏ. பக்கம் முறையாக வழிநடத்தப்பட்டவர்களில் தொடர்ந்து குடிக்காமல் இருந்தவர்கள், பிற சிகிச்சை பெற்றவர்களைவிட அதிகம் என்று கண்டது.

"ஊருக்குத் தெரிந்துவிடும்" என்பார்கள். தெருவுக்கு அவர் குடிப்பது தெரியும். விடப் பார்க்கிறார் என்பதுதான் தெரியாது. கூட்டத்தில் விலாசம் கேட்பதில்லை, கட்டணமும் இல்லை. பெயர் மட்டும் சொன்னால் போதும். ஒருவர் "நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கிப் பேசும்போது யாரும் குறுக்கே பேசுவதில்லை. செலவுக்குப் பணம் சேர்க்கும்போது, முடிந்தவர் போடுவார். முதல் நாள் போகிறவர் வாய் திறக்காமலே உட்கார்ந்துவிட்டு வரலாம்.

மதம் மாற்றுவார்கள் என்ற பயமும் உண்டு. சில கூட்டங்கள் சர்ச் வளாகத்தில் நடப்பது இடம் கிடைப்பதால்தான். கடவுள் பேச்சு வருவது உண்மை. எந்தக் கடவுள் என்பது அவரவர் பாடு.

"இதெல்லாம் சென்னையில்தான், நம்ம ஊரில் எங்கே?" என்ற கேள்வியோடு பலர் நின்றுவிடுகிறார்கள். மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேளுங்கள். குடிமீட்பு மையத்தில் கேளுங்கள். பக்கத்தில் எங்கே, எந்தக் கிழமை கூட்டம் என்பது பெரும்பாலும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். 14446 என்ற கட்டணமில்லா எண்ணிலும் வழி கேட்கலாம். ஊரில் இல்லையென்றால் போனிலேயே சேரக்கூடிய இணையவழிக் கூட்டங்கள் இருக்கின்றன. ஒரு கூட்டம் ஒத்துவராவிட்டால் இன்னொன்றுக்குப் போய்ப் பாருங்கள். ஆட்கள் மாறினால் பேச்சும் மாறும்.

ஒன்றை மட்டும் நானே எச்சரிக்கிறேன். தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், பிதற்றல் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அவருக்கு முதலில் மருத்துவர். கூட்டம் அதன் பிறகு.

"அவரே வரமாட்டேன் என்கிறார், நான் என்ன செய்ய?" என்று கேட்கும் மனைவிமாருக்கும் இடம் உண்டு. குடும்பத்தாருக்காக 1951 முதல் அல்-அனான் இருக்கிறது. அதற்குப் போக, கணவர் குடியை விட்டிருக்க வேண்டும் என்பதில்லை. அவர் வராவிட்டாலும் நீங்கள் போங்கள்.